ரெபெக்காளும் அவளுடைய பெண்மக்களும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாதப் படிப்பு வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

இன்றைய வகுப்புக்கு வேறு விஷயம் குறித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டோம். காரணம் இந்த மேஜைமேல் இருக்கிற பொட்டலம். இதில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் இருக்கிறது.

போன வாரம் சங்கக் கமிட்டி கூடியபோது, வேலைநிறுத்தத்தன்று பின்கதவு வழியாக ஆலைக்குள் நுழைந்த கருங்காலிகளுக்கு வளையலும் சேலையும் தபாலில் அனுப்ப வேண்டும் என்று ஒரு தோழர் யோசனை சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. நாமும் கை தட்டினோம், மறைக்கவில்லை. அன்று மாலையே வளையல் வாங்கியும் ஆயிற்று.

அப்போது ரீலிங்கில் வேலை செய்கிற, நம்மைவிட வயதில் மூத்த பெண் தோழர் ஒருவர் எழுந்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். நாங்க இந்த வளையலைப் போட்டுக்கிட்டுத்தான் எட்டு மணி நேரம் நின்னு வேலை செய்யிறோம். இதைப் போட்டுக்கிட்டுத்தான் பதினேழு நாள் கேட்டிலே உட்கார்ந்தோம். கோழைக்கு இதை அனுப்பினா, எங்களுக்கு என்ன பேரு வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. நம்மிடமும் பதில் இல்லை. பொட்டலம் அலமாரியில் போயிற்று.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, முன்பு படித்த ஒரு சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. மீசை வைத்த, ஏர் பிடித்த குடியானவர்கள் தாமாகவே பெண் உடை உடுத்தி, தாமாகவே பெண் பேர் வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் சர்க்காரைத் தூங்கவிடாமல் அடித்த சரித்திரம் அது. அவர்கள் அந்தப் பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அதை எப்படி மதித்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஆண் பெண் வேஷம் போடுவது நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் திரௌபதை துகில் பிடித்து அழும்போது, அவள் பகலில் நம்மோடு நாற்று முடி சுமந்த ஆள்தான் என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்தும் நாம் அழவில்லையா? நாடகக் கம்பெனிகளில் 'ஸ்திரீ பார்ட்' என்றே ஒரு தொழில் இருந்தது. டி. கே. சண்முகம் 1940களில் மேடையில் அவ்வையாராக நடித்தார். கிழவி வேஷம். அதற்குப் பிறகு தமிழ்நாடு அவரை 'அவ்வை சண்முகம்' என்றுதான் அழைத்தது. ஓர் ஆணின் பேருக்கு முன்னால் பெண்ணின் பேரைப் பட்டமாக வைத்தார்கள். அவரும் பெருமையோடு சுமந்தார். சென்னையில் அந்தப் பேரில் சாலையே இருக்கிறது. ஆக, பெண்ணின் பேர் ஆணுக்கு அவமானம் என்பது நம் ஜனங்களின் எல்லா நேரத்து எண்ணமும் அல்ல.

(திருநங்கையர் தமக்கு வைத்துக்கொள்ளும் பேரை இதோடு குழப்ப வேண்டாம் என்று ஓர் இளம் தோழர் எச்சரித்தார். சரியான எச்சரிக்கை. அவர்களுக்கு அது வேஷப் பேர் அல்ல, சொந்தப் பேர். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014-ல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் பேசப்போவது ஓர் இரவுக்கு வேஷம் போட்டு விடியுமுன் கலைத்துவிட்ட ஆண்களைப் பற்றி.)

சுண்ணாம்பு வண்டியும் சுங்கக் கேட்டும்

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருப்பது வேல்ஸ் நாடு. மலையும் மேடும் மழையும் நிறைந்த பூமி. அதன் தென்மேற்கு மூலையில் கார்மார்த்தன், பெம்புரோக், கார்டிகன் என்று மூன்று ஜில்லாக்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சின்னக் குத்தகைக்காரர்கள். பேசும் பாஷை வெல்ஷ். சட்டமும் கோர்ட்டும் இங்கிலீஷில். நிலம் பெரிய பிரபுக்களுடையது. இது எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா?

அந்த மண் புளித்த மண். சுண்ணாம்பு போட்டால்தான் விளையும். நாம் ஏரி வண்டல் அடிப்பதுபோல் அவர்கள் சூளையிலிருந்து வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாலைகள் 'டிரஸ்டு'களின் கையில் இருந்தன. டிரஸ்டுக்காரர்கள் சாலையில் கேட் போட்டு, கேட்டை ஏலம் விட்டார்கள். நம்மூர்ச் சந்தைக் குத்தகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் எடுத்தவன் போட்ட பணத்துக்கு மேல் கறந்தாக வேண்டும். தாமஸ் புல்லின் என்ற இங்கிலீஷ்காரன் இப்படி அநேகம் கேட்டுகளைக் குத்தகை எடுத்தான். மெயின் ரோட்டை விட்டுக் கிளைப்பாதையில் சுண்ணாம்பு வண்டி போவதைக் கண்டு, அங்கேயும் கேட் முளைத்தது. விளைச்சல் கெட்ட வருஷங்கள் வேறு. இதோடு 1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டம்: வக்கற்றவனை 'ஏழைகள் விடுதி'யில் அடைத்து, புருஷனை ஒரு பக்கமும் பெண்சாதியை ஒரு பக்கமும் பிரித்துப் போடும் சட்டம்.

1839 மே 13 இரவு. கார்மார்த்தன், பெம்புரோக் ஜில்லாக்களின் எல்லையில் எவைல்வென் என்ற இடத்தில் புதிதாகப் போட்ட கேட்டை ஒரு கூட்டம் உடைத்துப் போட்டது. கேட் திரும்ப வந்தது. ஜூனில் திரும்ப உடைந்தது. மறுபடி வைத்தார்கள், ஜூலையில் மறுபடி போயிற்று. உடைத்தவர்கள் முகத்தில் கரி. பலர் உடம்பில் கவுன், தலையில் பெண்கள் குல்லா. தலைவனின் பேர் ரெபெக்காள். கூட வந்தவர்கள் அவளுடைய 'பெண்மக்கள்'. வெல்ஷ் பாஷையில் 'மெர்ஹெட் பெக்கா'. டிரஸ்டுக்காரர்கள் கடைசியில் அந்தக் கேட்டைக் கைவிட்டார்கள்.

பேர் எப்படி வந்தது?

இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

முதலாவது ஊர்க்கதை. எவைல்வென் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன் தாமஸ் ரீஸ். ஊரார் அழைத்தது டூம் கார்னபூத் என்று. சாதாரணக் குடியானவன்; குத்துச்சண்டைக்குப் பேர்போனவன்; ஆஜானுபாகு. அவன் உடம்புக்குப் பொருந்துகிற பெண் உடை சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லையாம். கடைசியில் பக்கத்துக் கிராமத்தில் 'பெரிய ரெபெக்காள்' என்ற உயரமான பெண்ணிடம் கவுன் இரவல் வாங்கினானாம். துணி கொடுத்தவளின் பேரே ஒட்டிக்கொண்டதாம். கதையோ, நிஜமோ, நமக்கு இது பிடித்திருக்கிறது. கேட்டை உடைக்கப் போகிறவனுக்கு உடையைக் கொடுத்துவிட்டு அன்றிரவு வீட்டில் கண் விழித்திருந்த அந்தப் பெண்ணைச் சரித்திரம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் வேதப் புத்தகம். அந்தக் குடியானவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுத்துக் கற்றவர்கள். 1588-லேயே பைபிள் வெல்ஷ் பாஷைக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒரே புத்தகம் இருந்தால் அது அதுதான். ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ரெபெக்காள் ஈசாக்குக்கு மனைவியாகப் புறப்படுகிறாள். வீட்டார் அவளை வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். அவள் சந்ததி பெருகும். அதைப் பகைக்கிறவர்களின் வாயில்கள் அதன் கைக்கு வரும் என்பது அந்த வாழ்த்தின் கருத்து.

வாயில்! கேட்! தினம் ஆலை கேட்டில் நிற்கிற உங்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. பிரசங்கத்தில் நூறு தடவை கேட்ட ஒரு வாழ்த்தை, சுண்ணாம்பு வண்டிக்கு வரி கட்டி நொந்தவன் ஒரு நாள் புதிதாகக் கேட்டான். பகைவனின் கேட் எது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கேட்டுக்கு உரிமைக்காரி யார் என்று வேதமே சொல்லிவிட்டது.

எந்தக் காரணம் சரி? இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம். ஒன்று துணி கொடுத்தது. மற்றது தைரியம் கொடுத்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: தன்னை மறைத்துக்கொள்ள மட்டும் விரும்பினால் முகத்தில் கரி போதும். அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு தாயின் பேரைத் தேடி எடுத்தார்கள்.

இதற்கு அடியில் பழைய ஊர்வழக்கம் ஒன்றும் உண்டு. 'கெஃபில் பிரென்' என்பார்கள். 'மரக்குதிரை' என்று அர்த்தம். பெண்டாட்டியை அடிப்பவன், ஊரை ஏய்ப்பவன் போன்றவர்களின் வீட்டுக்கு ராத்திரியில் கரி பூசிய முகத்தோடும் பெண் உடையோடும் போய்க் கூச்சல் போட்டு மானத்தை வாங்குவது. கோர்ட் தீர்க்காததை ஊர் தீர்க்கும் வழி. ரெபெக்காள் அந்த வழக்கத்தின் மகள்.

இது கூத்துதான்

மூன்று வருஷம் அமைதி. 1842 இறுதியில் செயின்ட் கிளியர்ஸ் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அங்கே ஒரு கேட்டின் முன் நடந்ததைச் சொல்கிறார்கள். ரெபெக்காள் கிழவியாக, கண் தெரியாதவளாக, கோலூன்றி வருகிறாள். கோல் கேட்டில் தட்டுகிறது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஏதோ வழியை மறிக்கிறதே என்று முறையிடுகிறாள். என்ன அம்மா, என்ன அம்மா என்று பெண்மக்கள் ஓடி வருகிறார்கள். தடவிப் பார்த்து, பெரிய கேட்டாக இருக்கிறது, தாயால் போக முடியவில்லையே என்கிறாள். தாயின் வழியை எதுவும் மறிக்கக் கூடாது என்று சொல்லிக் கோடரியை எடுக்கிறார்கள். சில நிமிஷங்களில் கேட் விறகாகிவிடும்!

தோழர்களே, நம் கூத்துக் கட்டியங்காரன் இதைப் பார்த்திருந்தால் சொக்கிப் போயிருப்பான். நம்மைத் தொட்டது வேறு. தாடி வைத்த ஆட்கள் ஒருவனைத் 'தாயே' என்று அழைக்கிறார்கள். ஒருவர்கூட அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலி முழுவதும் கேட்டின் மீது.

அந்தப் பேருக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. எந்த ஊரில் கேட் உடைந்தாலும் தலைமை ரெபெக்காளுடையது. பத்து மைல் தள்ளி அதே இரவில் இன்னொரு ரெபெக்காள். மிரட்டல் கடிதமெல்லாம் அவள் கையெழுத்தோடு வரும். போலீஸ் யாரைப் பிடிக்கும்? குதிரைப்படை வந்தது, பத்திரிகை நிருபரும் வந்தார். பகலில் பார்த்தால் எல்லாரும் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேர் வளர வளர, அந்தப் பேருக்குரிய கடமையும் வளர்ந்தது. புதிய ஏழைகள் சட்டம் கல்யாணமாகாமல் பிறந்த குழந்தையின் பாரத்தைத் தாய் தலையில் கட்டியிருந்தது. தகப்பன் கையைத் துடைத்துக்கொண்டு போகலாம். ரெபெக்காள் இதில் தலையிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் தகப்பன் வீட்டுக் கதவைத் தட்டி, இது உன் பிள்ளை, நீ வளர்க்க வேண்டும் என்று ஒப்படைத்துவிட்டுப் போன சம்பவங்கள் உண்டு. தாய் என்று பேர் வைத்துக்கொண்ட பிறகு, கேட்டோடு நிற்க முடியுமா? 1843 ஜூன் 19-ந் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் பட்டப்பகலில் கார்மார்த்தன் பட்டணத்துக்குள் ஊர்வலமாக நுழைந்து, ஏழைகள் விடுதியைத் தாக்கினார்கள். குதிரைப்படை பாய்ந்து வந்து கலைத்தது.

பேருக்கு வந்த களங்கம்

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் நல்ல பக்கத்தை மட்டும் சொல்வது வகுப்பல்ல, பஜனை.

1843 செப்டம்பர் 6 இரவு, பொன்டர்துலைஸ் கேட்டில் போலீஸ் பதுங்கியிருந்தது. ரெபெக்காளாகக் குதிரையில் வந்தவன் கையில் குண்டு பட்டுப் பிடிபட்டான். ஜான் ஹியூஸ், குடியானவன் மகன், 24 வயது வாலிபன். கோர்ட்டில் அவன் ரெபெக்காளாக நிற்க முடியவில்லை. ஜான் ஹியூஸாகத் தனியாக நின்றான். 20 வருஷம் நாடுகடத்தல். கூடப் பிடிபட்ட இருவருக்கு ஏழேழு வருஷம். பூமியின் மறுகோடியில் உள்ள தாஸ்மேனியாத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 9. அருகில் ஹெண்டி கேட். அங்கே கேட் காத்தவள் சாரா வில்லியம்ஸ், எழுபது கடந்த கிழவி. கூலிக்கு உட்கார்ந்தவள். ரெபெக்காளின் ஆட்கள் வந்தார்கள். கிழவி குண்டு பட்டு இறந்தாள். விசாரணை ஜூரிகளோ, சாவுக்குக் காரணம் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். பயமோ, பாசமோ, பொய் பொய்தான்.

தாயின் பேரைச் சூடிக்கொண்டவர்கள், தாயின் வயதில் இருந்த ஒரு கூலிக்காரியைக் கொன்றார்கள். குத்தகைக்காரனுக்கு ஒரு கீறல் விழவில்லை. இறந்தவள் அவன் கேட்டில் பெனி எண்ணியவள். பேர் பெரியதாக இருந்தால் கையும் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. யார் வேண்டுமானாலும் ரெபெக்காளாகலாம் என்ற சௌகரியமே இங்கே வினையாயிற்று: ரெபெக்காள் செய்ததற்கு எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1843 கோடை முடிவில் கூலியாட்கள் தனியாகக் கூட்டம் போட்டார்கள். கேட் போனால் வண்டி வைத்திருப்பவனுக்கு லாபம். எங்கள் கூலி என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ராத்திரியில் ரெபெக்காளாக இருந்த குத்தகைக்காரர்களே பகலில் நடுங்கினார்கள்! அதற்குப் பிறகுதான் அவர்களுக்குச் சட்டம் ஒழுங்கு ஞாபகம் வந்தது.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் போட்டது. 1844-ல் சட்டம் வந்தது. டிரஸ்டுகளின் ஆட்சி முடிந்தது. சாலைகள் ஜில்லா போர்டுகளின் கீழ் வந்தன. சுண்ணாம்பு வண்டிச் சுங்கம் பாதியாயிற்று. டூம் கார்னபூத் பிடிபடவே இல்லை. 1876-ல் தன் ஊரிலேயே கண்ணை மூடினான். பேர் மட்டும் சாகவில்லை. பின்னாளில் வை ஆற்றில் மீன் பிடிக்கத் தடை வந்தபோது, அங்கேயும் ராத்திரியில் ரெபெக்காள் இறங்கினாள்.

மனைவி, கன்னி, அகப்பைக்காரி

ரெபெக்காள் மட்டும் அல்ல. ஆலைத் தோழர்களுக்கு இது பிடிக்கும்: 1812 ஏப்ரல் 14, இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட். நீராவித் தறியால் கைத்தறிக்காரன் வயிறு காய்ந்த சமயம். தறி முதலாளிகளுக்கு எதிராகக் கிளம்பிய கூட்டத்தின் தலைமையில் பெண் உடை உடுத்திய இரண்டு ஆட்கள். தங்களை 'ஜெனரல் லட்டின் மனைவிமார்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஜெனரல் லட் என்று ஒருவன் கிடையவே கிடையாது! இல்லாத புருஷனுக்கு இரண்டு பெண்டாட்டி.

பிரான்சில் அரியேஜ் மலைநாட்டில் 1829 முதல் 1832 வரை குடியானவர்கள் வெள்ளைச் சட்டையைப் பாவாடைபோல் வெளியே தொங்கவிட்டு, முகத்தை மறைத்து, காட்டுக் காவலர்களை விரட்டினார்கள். 1827-ல் வந்த வனச்சட்டம் மேய்ச்சலையும் விறகையும் பறித்திருந்தது. அவர்கள் பேர் 'டெமொய்செல்', அதாவது குமரிப் பெண்கள்.

மனைவி, குமரி, தாய். பேர் எதுவானாலும் ஓர் உறவைச் சொல்லுகிறது. குடும்பத்தின் அடுப்புக்கும் வயிற்றுக்கும் பொறுப்பானவள் யாரோ அவள் பேரில் கேட்டால் அது நியாயக் கோரிக்கை ஆகிவிடுகிறது. நமக்கு மட்டும் என்ன? ராஜ சபையில் நீதி கேட்டவர் யார் என்றால் நம் வாயில் வருவது கண்ணகிதானே?

இனி நம் பொட்டலத்துக்கு வருவோம். 1631-ல் மேற்கு இங்கிலாந்தில் பிரேடன் காட்டை ராஜா அடைத்து வேலி போட்டான். ஊரார் வேலியைப் பிடுங்கினார்கள். தலைவர்கள் பெண் உடையில் வந்தார்கள்; 'ஸ்கிம்மிங்டன் சீமாட்டி' என்று பேர். பால் ஏடு எடுக்கும் அகப்பையிலிருந்து பிறந்த பேர் அது. அடங்காத பெண்டாட்டி புருஷனை அகப்பையால் அடிப்பதாக நடித்துக் காட்டும் ஊர்க்கேளிக்கை ஒன்று இருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த அகப்பைக்காரியை. மூவர் பிடிபட்டார்கள். ராஜாவின் கோர்ட் ஆளுக்கு 500 பவுன் அபராதம் போட்டது. அதோடு விடவில்லை. அதே பெண் உடையை மாட்டி, சந்தியில் கழுமரச் சட்டத்தில் நிறுத்தும்படி தீர்ப்பளித்தது.

அந்த ஜனங்கள் ஆயுதமாக எடுத்த உடையை ராஜாவின் கோர்ட் அவமானமாக மாற்றிற்று. தோழர்களே, போன வாரம் நாம் கை தட்டியது யார் பக்கம்?

அதே காலத்தில், 1629-ல், எசெக்ஸ் ஜில்லாவில் மால்டன் துறைமுகத்தில் தானியக் கப்பலை மறித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவள் ஆன் கார்ட்டர். நிஜமான பெண். அவள் தன்னைக் 'காப்டன்' என்று அழைத்துக்கொண்டாள். ஆண்கள் சீமாட்டி ஆனார்கள். பெண் காப்டன் ஆனாள். அவளைத் தூக்கில் போட்டார்கள். ரெபெக்காள் பெயரைப் பாடமாகச் சொல்லும் நாம் ஆன் கார்ட்டர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கமிட்டியின் தீர்மானத்தை வாபஸ் வாங்க நாமே முன்மொழிகிறோம். கருங்காலிகளுக்கு என்ன எழுதுவது என்பதை அந்த ரீலிங் தோழரே எழுதித் தரட்டும். வளையல் இங்கேயே இருக்கிறது. அளவு சரியாக இருப்பவர்கள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். இப்போது கேள்விகள் கேளுங்கள். முதலில் பெண் தோழர்கள்.